புள்ளி வைக்காத இடம்

"கல்லுகிட்ட ஒத்தையாப் போகணும். ரெண்டு பேராப் போனா..."

இதற்கு மேல் பூமிநாதனுக்கு நினைவு வரவில்லை. உமையாள் மேடம் இதைச் சொன்னது அவன் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த புதிதில். ஏதோ ஒரு கோயிலின் தெற்குச் சுவர். அவன் கையில் தண்ணீர் வாளி. வெயில் இன்னும் ஏறவில்லை. இவ்வளவும் நினைவிருக்கிறது, அந்த வாக்கியத்தின் பின்பாதி மட்டும் போய்விட்டது.

இப்போது அவனே ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறை உதவிப் பேராசிரியன். வகுப்பில் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் பின்பாதிக்குத் தானாகவே ஒன்றை ஒட்டவைத்துச் சொல்லிவிடுவான். மாணவர்கள் அதையும் சேர்த்து எழுதிக்கொள்வார்கள்.

பேருந்தில் வரும்போதும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தான். உண்மையில் யோசிக்க வேண்டியது வேறு ஒன்று. அதை யோசிக்காமல் இருப்பதற்காக இதை யோசித்தான்.

உமையாள் ஓய்வு பெற்றபின் கண்மாய்க் கரையில் இருந்த ஒரு பழைய சிவன் கோயிலை எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்டு அல்ல. அதன் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்துப் படித்துவந்தார். நனைத்த தாளைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து எழுத்துக் குழிகளுக்குள் இறக்கி, பாதி காய்ந்ததும் மேலே மை ஒற்ற வேண்டும். கல் கறுப்பாக வரும். எழுத்து வெள்ளையாக நிற்கும். அதுதான் மைப்படி.

அவன் போனபோது தெற்குச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தாளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"வாளிக்குக் கயிறு வாங்கிட்டு வரச் சொன்னேனே?"

"மறந்துட்டேன் மேடம்."

"சரி. குனிஞ்சு கையாலயே மோந்துட்டு வா."

அவன் கண்மாயில் இறங்கித் தண்ணீர் மொண்டு வந்தான். வாளியை வைத்துவிட்டு நின்றான்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நமக்கு மேல இருக்கிற ஒருத்தர் நம்மளைத் தன் பிடியிலயே வச்சிருந்தா, அதுலேருந்து எப்படி வெளிய வர்றது?"

"வைத்தியலிங்கமா?"

"நான் பேர் சொல்லலையே மேடம்."

"நீ சொல்லல. உன் சட்டை சொல்லுது. ஞாயித்துக்கிழமை கண்மாய்க்கரைக்கு வர்றவன் எவனாவது முழுக்கைச் சட்டையைப் போட்டு இன் பண்ணிட்டு வருவானா?"

பூமிநாதன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். துறைத்தலைவர் வைத்தியலிங்கத்துக்கு அரைக்கைச் சட்டை பிடிக்காது. இன்று அவர் பார்க்கப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் காலையில் கை தானாக அந்தச் சட்டையைத்தான் எடுத்திருக்கிறது.

"என்ன பண்றாரு?"

"எல்லாம்தான் மேடம். நான் என்ன பாடம் எடுக்கணும்னு அவர்தான் சொல்வார். என் கட்டுரையில அவர் பேர் முதல்ல இருக்கும். கருத்தரங்குக்குக் கூப்பிட்டா அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் வர்றேன்னு சொல்லணும். ஒரு மணிக்கு அவர் ரூம்ல போய்ச் சாப்பிடணும். ஒருநாள் வெளிய போய்ச் சாப்பிட்டேன். 'என்ன தம்பி, உடம்பு சரியில்லையா'ன்னு மூணு பேர்கிட்ட விசாரிச்சிருக்கார்."

"அப்புறம்?"

"புது பைக் வாங்கினேன். கறுப்பு வாங்க நெனச்சேன். சாம்பல் கலர்தான் அழுக்குத் தெரியாதுன்னார்."

"சாம்பலா வாங்குன?"

"ஆமா மேடம்."

உமையாள் சிரித்தார். அவனுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"கெட்டவரா?"

"இல்ல மேடம். அதான் கஷ்டமே. எனக்கு டெங்கு வந்தப்ப ராத்திரி பகல் பாக்காம ஆஸ்பத்திரியில இருந்தவர் அவர்தான். என் வீட்டுக்காரிக்கு ஜூஸ் வாங்கிக் குடுத்து, 'நீங்க கொஞ்ச நேரம் படுங்கம்மா, நான் பாத்துக்கறேன்'னார். எதைச் சொன்னாலும், 'உங்க நல்லதுக்குத்தான் தம்பி சொல்றேன்'பார். பொய்யில்ல. அவர் நெஜமாவே அப்படித்தான் நெனைக்கிறார்."

உமையாள் நனைத்த தாளை இரு முனையிலும் பிடித்துத் தூக்கினார். அவன் மறுமுனையை வாங்கிக்கொண்டான். இருவரும் அதைக் கல்லின் மேல் சாய்த்தார்கள். காற்றுக் குமிழ்களை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினான். கை வேலையை மறக்கவில்லை.

"நானும் வைத்தியலிங்கமும் ஒண்ணா வேலைக்குச் சேர்ந்தோம், வயசுல அவர் சின்னவர்," என்றார் உமையாள். "அப்ப அவருக்கு ஒரு பெரியவர் இருந்தார். சாமின்னுதான் கூப்பிடுவார். எதைக் கேட்டாலும் 'சாமியைக் கேட்டுச் சொல்றேன்'. கேன்டீன்ல காப்பியா டீயான்னு கேட்டாக்கூட கொஞ்சம் யோசிப்பார்."

"இப்ப அந்தச் சாமி?"

"செத்துப் போயிட்டார். வைத்தியலிங்கத்தோட அறையில படம் இருக்குமே, பாத்ததில்லையா? சந்தனமாலை போட்டது."

பூமிநாதன் பார்த்திருக்கிறான். துறைத்தலைவரின் அப்பா என்று நினைத்திருந்தான்.

"சரி. பிரஷ்ஷை எடு."

அவன் பிரஷ்ஷால் தாளை அடிக்கத் தொடங்கினான். சீரான ஓசை வந்தது. கண்மாயில் இரண்டு நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன.

"நீ இப்ப சொன்னதெல்லாம் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து நடக்குது," என்றார் உமையாள். "பைக் கலருக்காக நீ பஸ் ஏறி வரமாட்ட. இப்ப என்ன நடந்துச்சு?"

பிரஷ் ஒரு கணம் நின்றது. பிறகு அடித்தது.

"எனக்கு ஒரு ஆய்வு மாணவி மேடம். ஜெசிந்தா. என்னோட முதல் மாணவி. ஒரு பழைய கண்மாயோட மடைக்கல்லுல கல்வெட்டு ஒண்ணு கெடச்சுது. 'இக்கண்மாய் வெட்டுவித்தது' வரைக்கும் நல்லா இருக்கு. அதுக்கப்புறம் பேர் வரணும். அந்த எடத்துல கல்லு பெயர்ந்து போயிடுச்சு."

"சரி."

"அங்க ஒரு சிற்றரசன் பேர்தான் இருக்கணும்னு வைத்தியலிங்கம் ஐயா சொல்றார். அவனைப் பத்தித்தான் அவர் புத்தகமே எழுதியிருக்கார். அங்க ஒண்ணுமில்ல, யார் வெட்டுனாங்கன்னு தெரியாதுன்னு ஜெசிந்தா எழுதியிருக்கா. தெரியாதுங்கிறதை ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கா மேடம். நல்லா எழுதியிருக்கா."

"அப்புறம்?"

"புதன்கிழமை வாசிப்புக் கூட்டத்துல ஐயா அவ வாசிப்பைத் தள்ளிட்டார்."

வாசிப்புக் கூட்டம் அந்தத் துறையின் பழக்கம். புதிய மைப்படியைச் சுவரில் கிளிப் போட்டு மாட்டுவார்கள். படியெடுத்தவர் எல்லோர் முன்னாலும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். அழிந்த இடம் வந்தால், அழிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தாண்ட வேண்டும். அச்சில் அந்த இடத்துக்குப் புள்ளிகள் வைப்பார்கள். துறையில் சேர்பவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தருவதே அந்தப் புள்ளியைத்தான். தெரியாத இடத்தில் புள்ளி வை, உன் ஊகத்தை எழுத்தாக்காதே.

"அவர் தள்ளினார்," என்றார் உமையாள். "நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல மேடம்."

உமையாள் அவனைப் பார்க்கவில்லை. வடக்குச் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

"அங்க ஒரு தாள் ஒட்டிவச்சேன். இந்நேரம் பதமாக் காஞ்சிருக்கும். மை ஒத்திட்டு வா."

அவன் எழுந்து போனான். சுவரின் கீழ்வரிசையில் தாள் ஒட்டப்பட்டிருந்தது. தொட்டுப் பார்த்தான். பதமாகத்தான் இருந்தது. துணிப்பொதியில் மையைத் தொட்டு மெல்ல ஒற்றினான். தாள் கறுத்துக்கொண்டே வந்தது. அங்கங்கே சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் நின்றன.

உமையாள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் பின்னால் நின்றார்.

"என்ன இருக்கு?"

"ஒண்ணும் தெரியல மேடம். கல்லு பொரிஞ்சு கெடக்குது."

"நல்லாப் பாரு. மேலேருந்து ரெண்டாவது வரி. ஒரு பேர் இருக்கு."

அவன் முகத்தைத் தாளுக்கு அருகில் கொண்டுபோனான். தலையைச் சாய்த்தான்.

"பக்கவாட்டுல பாரு. இருக்கு."

"ஆமா மேடம். இங்க ஒரு வளைவு வருது."

"ம்."

"பக்கத்துல கால் மாதிரி ஒண்ணு இறங்குது. அதுக்கு அடுத்தது தேஞ்சிருக்கு. ஆனா முடியுற எடம் தெரியுது."

"என்னன்னு முடியுது?"

"தேவன்னு முடியுற மாதிரி இருக்கு மேடம்."

"தேவனா?"

"தேவன்தான். நிச்சயமா."

"தாளை உரி."

"இன்னும் மை காயல மேடம்."

"பரவால்ல. உரி."

அவன் மேல்மூலையில் நகத்தைக் கொடுத்து உரித்தான். தாள் வந்தது. அடியில் இருந்த கல் வழுவழுவென்று இருந்தது. இயந்திரம் அறுத்த கோடுகள் ஒரே சீராக ஓடின. கீழ்மூலையில், எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்பதற்காக யாரோ சிவப்புப் பெயிண்ட்டில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

"போன திருப்பணியில வச்ச கல்லு," என்றார் உமையாள். "பழசு ஒண்ணு விழுந்துடுச்சு. அதுக்குப் பதிலா லாரியில வந்துச்சு. மை பதம் பாக்கணும்னா இதுலதான் ஒட்டிப் பாப்பேன். எழுத்து இருக்கிற கல்லுல சோதிக்கக் கூடாதில்லையா?"

பூமிநாதன் குந்தியபடியே இருந்தான். ஈரத்தாள் கையில் தொங்கியது. முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டில் மை ஏறிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

உமையாள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றிக்கொண்டார். அவனுக்கு ஊற்றவில்லை.

அவன் பேசினான். அவரைப் பார்த்து அல்ல, அந்த அம்புக்குறியைப் பார்த்து.

"நான் சொன்னேன் மேடம்."

"ம்."

"மடைக்கல்லை முதல்ல படிச்சது நான்தான். ஐயாவும் வந்திருந்தார். என் முதுகுக்குப் பின்னால நின்னார். 'அங்கதான் தம்பி பேர் இருக்கு, நல்லாப் பாருங்க'ன்னார். பாத்தேன். இருக்குதுங்கய்யான்னு சொன்னேன். அந்த எடத்துக்கு நான் புள்ளி வைக்கல. பேரையே எழுதிட்டேன். துறையோட கல்வெட்டுத் தொகுதியில அச்சுக்குப் போகப்போறது அதுதான்."

"இருந்துச்சா?"

"அன்னைக்கு இருந்த மாதிரிதான் இருந்துச்சு மேடம். வீட்டுக்கு வந்து மைப்படியை விரிச்சுப் பாத்தேன். இல்ல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"ஜெசிந்தாகிட்ட சொன்னேன். அவ தனியாப் போயி இன்னொரு படி எடுத்துட்டு வந்தா. என்னைவிட நல்லா எடுத்திருந்தா. என் அறையில விரிச்சுக் காட்டினா. கதவைச் சாத்திட்டு, 'ஒண்ணுமில்லம்மா இங்க. நீ புள்ளி வச்சிடு'ன்னேன்."

"கதவைச் சாத்திட்டு."

"ஆமா மேடம்."

அவன் தாளை மடித்தான். மறுபடி விரித்தான்.

"புதன்கிழமை அந்தப் படியைத்தான் மாட்டினா. படிச்சுக்கிட்டே வந்தா. 'இக்கண்மாய் வெட்டுவித்தது.' நிறுத்திட்டு, 'இங்கே அழிந்திருக்கிறது'ன்னா. ஐயா சிரிச்சார். 'இல்லாததைப் படிக்கிறது தப்புதாம்மா. இருக்கிறதைப் படிக்காம விடுறதும் தப்புதான்.' அப்புறம் என் பக்கம் திரும்பி, 'தம்பி, உங்க மாணவிதானே, நீங்களே சொல்லுங்க'ன்னார்."

உமையாள் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

"பேர் இருக்கு, நான் கல்லுலயே பாத்தேன்னு சொன்னேன் மேடம். நீ படி சரியா எடுக்கலம்மான்னு சொன்னேன்."

"அந்தப் பொண்ணு?"

"'சார், நீங்கதானே சார் அந்த எடத்துல புள்ளி வைக்கச் சொன்னீங்க'ன்னு கேட்டா. சத்தமாக்கூடக் கேக்கல. ஏதோ எனக்கு மறந்துபோச்சு, ஞாபகப்படுத்துவோம்ங்கிற மாதிரி கேட்டா."

"நீ?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையேன்னேன்."

ஒரு நீர்க்காகம் தண்ணீரில் விழுந்து மூழ்கியது. வளையங்கள் கரைவரை வந்தன.

"கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. 'சரிங்க சார்'னு சொல்லிட்டு கிளிப்பை எல்லாம் ஒவ்வொண்ணாக் கழட்டி டப்பாவுல போட்டா. தாளைச் சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டா. கூட்டம் முடிஞ்சு படியில எறங்குறப்ப ஐயா என் தோள்ல கை போட்டார். அவரே டீ சொன்னார். எனக்குப் பிடிக்கும்னு உளுந்து வடையும் சொன்னார்."

"சாப்பிட்டியா?"

பூமிநாதனின் தலை தாழ்ந்தது.

"சாப்பிட்டேன் மேடம்."

உமையாள் ஏதாவது திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அவர் மூடியில் இருந்த டீயைக் கீழே கொட்டினார். ஆறிவிட்டிருந்தது.

"இப்ப என்ன நிலைமை?"

"அந்த அத்தியாயத்தை எடுத்துட்டு வேற எழுதச் சொல்லணுமாம். இல்லன்னா தலைப்பையே மாத்திக்கட்டும்னு சொல்றார். வர்ற புதன்கிழமை கூட்டத்துல அதை நான் அறிவிக்கணும். என்னோட நிரந்தரக் கோப்பு அவர் மேசையிலதான் இருக்கு. 'வேலை நிரந்தரமாகுற நேரத்துல உங்களுக்கு எதுக்கு தம்பி வம்பு'ன்னார். மிரட்டல மேடம். அக்கறையாத்தான் சொன்னார்."

"ஜெசிந்தா?"

"துறைக்கு வர்றா. நூலகத்துல உக்காந்திருக்கா. எதிர்ல பாத்தா வணக்கம் சார்ங்கிறா. முன்னாடி மாதிரியேதான் சொல்றா. அது தாங்க முடியல மேடம்."

அவன் எழுந்து அவர் எதிரில் வந்து நின்றான்.

"சொல்லுங்க மேடம். அவர்கிட்டேருந்து நான் எப்படி வெளிய வர்றது?"

"கல்லுல ஈரம் போயிடப்போகுது," என்றார் உமையாள். "முதல்ல ஒட்டினதுக்கு மை ஒத்தணும். வா."

இருவரும் தெற்குச் சுவருக்குப் போனார்கள். அவன் பொதியை எடுத்தான். ஒற்றத் தொடங்கியதும் இங்கே வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஒரு விளக்குக்கு விட்ட நெய்யைப் பற்றிய கல்வெட்டு. நடுவில் ஒரு சாண் அளவுக்கு வெறுமை. அதற்குப் பிறகு மீண்டும் எழுத்து.

"படி."

அவன் படித்தான். வெறுமை வந்ததும் நின்றான். வாய் திறந்திருந்தது.

"அழிஞ்சிருக்கு மேடம்," என்றான். அந்தச் சிறிய வார்த்தைக்கு அவன் குரல் உடைந்தது.

"ம். மேல படி."

அவன் படித்து முடித்தான். அவர் தலையசைத்தார். வெயில் சுவரின் மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.

"மேடம், ரொம்ப நாளா உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். நான் சேர்ந்த புதுசுல ஒண்ணு சொன்னீங்க. 'கல்லுகிட்ட ஒத்தையாப் போகணும். ரெண்டு பேராப் போனா...' அதுக்கப்புறம் என்ன சொன்னீங்க?"

"உனக்கு ஞாபகமில்லையா?"

"இல்ல மேடம்."

"பசங்ககிட்ட சொல்வியே, கேள்விப்பட்டேன். என்னன்னு சொல்ற?"

அவன் தயங்கினான். "'ரெண்டு பேராப் போனா கல்லு பேசாது'ன்னு சொல்வேன்."

"கல்லு எப்ப பேசுச்சு?" உமையாள் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் அப்படிச் சொல்லல. அங்கயும் நீ புள்ளி வைக்கல பாத்தியா?"

அவன் முகம் சிவந்தது.

"வேற என்ன மேடம் சொன்னீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல. ரெண்டு பேராப் போனா பின்னால நிக்கிறவன் நிழல் கல்லுல விழும், எழுத்து தெரியாது, தள்ளி நிக்கச் சொல்லுன்னேன். அன்னைக்கு நீ வாளியோட எனக்குப் பின்னால வந்து நின்னுட்ட. அதுக்குச் சொன்னது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் சுவரைப் பார்த்தான். அவனுடைய நிழல் ஒருபுறமாக, எழுத்துகளுக்கு வெளியே விழுந்திருந்தது.

"யார் சொல்லணும் மேடம்?"

"படிக்கிறவன்தான் சொல்லணும். பின்னால நிக்கிறவனுக்குத் தன் நிழல் எங்க விழுதுன்னு தெரியாது. அவன் வெளிச்சத்துலதானே நிக்கிறான்."

"சொன்னா கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கட்டும். கோவிச்சுக்கிட்டே தள்ளி நிக்கட்டும். இல்ல, நிக்காமப் போகட்டும். நீ சொல்லவே இல்லையே இன்னும்."

உமையாள் மைப்படியை உரித்து இரண்டு கற்களுக்கு நடுவே காயவைத்தார். கைகளைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஏதோ அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு சுவத்துல மாட்டிப் படிச்சப்ப நீ எங்க நின்ன?"

பூமிநாதன் கையிலிருந்த மைப்பொதியைக் கீழே வைத்தான்.

"அவளுக்குப் பின்னால மேடம்."

"தள்ளி நிக்கச் சொல்லிச்சா?"

"சொன்னா மேடம். 'நீங்கதானே சார் புள்ளி வைக்கச் சொன்னீங்க'ன்னு."

"ம்," என்றார் உமையாள். வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

புதன்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் ஜெசிந்தாவின் மைப்படியையே மறுபடி மாட்டச் சொல்வது, அந்த இடத்தில் பெயர் இல்லை என்பதையும், புள்ளி வைக்கச் சொன்னது தான்தான் என்பதையும், அதை எல்லோர் முன்னாலும் மறுத்ததையும், துறைத்தலைவர் கூப்பிடும்வரை காத்திராமல் தானே எழுந்து சொல்வது என்று பூமிநாதன் முடிவு செய்தான்.